மரத்தூண் வீடு கட்ட ஆசையா? ஒன்டாரியோல முதல் தடவை இறங்குறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடா வந்த புதுசுல நம்ம எல்லாருமே ஒரு தடவை கேட்டிருப்போம், "என்னங்க இது, இத்தனை லட்சம் டாலர் வாங்கிட்டு தீப்பெட்டி மாதிரி மரத்துல வீடு கட்டித் தர்றாங்க?"ன்னு. ஊர்ல சுவர்ல ஒரு காலண்டர் மாட்டணும்னா டிரில் மிஷினோட ஆள் வரணும், இங்க சுவரைத் தட்டினா டொக் டொக்குனு காலி டப்பா சத்தம். நானும் சிரிச்சவன்தான். அப்புறம் ஒரு லாங் வீக்கெண்டுக்கு வடக்க ஒரு காட்டேஜ் எடுத்து தங்கினோம். உள்ள நுழைஞ்சா ஹால்ல எட்டு இஞ்ச் தடிமன்ல தூண், மேல உத்தரம், தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவுல சாய்வா முட்டுக்கட்டை, ஒரு இரும்பு ஆணி கூட கண்ணுல படலை. ஊர்ல இருந்து அப்பா வந்திருந்தார், நாகர்கோவில்காரர், தூணை ஒரு தடவு தடவிட்டு "பத்மநாபபுரம் அரண்மனை மாதிரில்லா இருக்கு"ன்னார். அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம், மூணு வருஷம் கழிச்சு எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு அடிஷனா, அதாவது வீட்டோட ஒட்டிக் கட்டின கூடுதல் ரூமா, வந்து நின்னுச்சு.

இப்ப யாராவது சாப்பிட வந்தா அந்த ரூமைப் பாத்துட்டு "நாங்களும் கட்டணும், எங்க ஆரம்பிக்கிறது"ன்னு கேக்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் போன்ல ஒரு மணி நேரம் சொல்றதுக்குப் பதிலா எழுதிடலாம்னு. நான் இன்ஜினியரும் இல்ல கான்ட்ராக்டரும் இல்ல, காசு குடுத்து அடி வாங்கிக் கத்துக்கிட்டவன், அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். மர வீடுன்னா நம்ம ஆளுங்க மூணு விஷயத்துக்கு பயப்படுவாங்க, தீ, கரையான், புயல். உண்மையில பயப்பட வேண்டியது நாலாவதுக்கு. தண்ணி. மழைத் தண்ணி, பனி உருகின தண்ணி, மண்ணுல இருக்கிற ஈரம், சாம்பார் கொதிக்கும்போது வர்ற ஆவி, எல்லாமே அதுல சேர்த்தி. ஜப்பான்ல நாரா பக்கத்துல ஹோர்யூஜி கோயில் மரத்துலயே 1300 வருஷமா நிக்குது, நார்வேல போர்குண்ட் மரச் சர்ச் 800 வருஷத்துக்கு மேல ஆகியும் நிக்குது, ரெண்டுமே மழையும் பனியும் நல்லா விழுற ஊர்தான். நனைஞ்சா காயுறதுக்கு வழி வச்சுக் கட்டினாங்க, அவ்வளவுதான். கீழ ஒவ்வொரு படியிலயும் இந்தத் தண்ணி வந்து நிக்கும் பாருங்க.

படி 1: எந்த மர வீடு வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இங்கதான் பாதிப் பேர் குழம்புறாங்க, நானும் குழம்பினேன். பிராம்ப்டன்லயும் மார்க்கம்லயும் சப்டிவிஷன் சப்டிவிஷனா நிக்கிற வீடு எல்லாம் மர வீடுதான், வெளிய ஒட்டியிருக்கிற செங்கல் வெறும் சட்டை. உள்ள டூ-பை-சிக்ஸ் கட்டைங்களை 16 இஞ்சுக்கு ஒண்ணா நிக்க வச்சு ஆணி அடிச்சு மேல ஓஎஸ்பி ஷீட் (மரச் சீவலைப் பசை போட்டு அழுத்தின பலகை) போட்டிருப்பாங்க. (டூ-பை-சிக்ஸ்ங்கிறது பேருக்குத்தான், டேப் வச்சு அளந்தா ஒன்றரைக்கு அஞ்சரை இஞ்ச்தான் இருக்கும், லம்பர் கடையில போய் சண்டை போடாதீங்க.) இதை வுட் பிரேம், இல்லன்னா ஸ்டிக் பிரேம்ம்பாங்க. 1830கள்ல சிகாகோ பக்கம் பரவின முறையோட வழிவந்தது, மில்லுல அறுத்த மெல்லிசு கட்டையும் மலிவான ஆணியும் கிடைக்க ஆரம்பிச்சதும் பெரிய தச்சன் இல்லாமலே வேகமா வீடு எழுப்பலாம்னு ஆச்சு.

டிம்பர் பிரேம் அதுக்கு முந்தினது. எட்டுக்கு எட்டு, எட்டுக்குப் பத்துன்னு பெரிய பெரிய மரம், ஒரு மரத்துல நாக்கு செதுக்கி இன்னொண்ணுல அதுக்கேத்த துளை போட்டு உள்ள இறக்கி குறுக்க ஓக் மர ஆணி அடிக்கிறது. ஊர்ல ஆசாரி கதவு நிலைக்கு என்ன செய்வாரோ அதே வேலைதான், சைஸ்தான் பூதம். வெயிட்டை எல்லாம் தூண் தாங்கிடும், சுவர் வெறும் போர்வை. வாட்டர்லூ பக்கம் மென்னனைட்ங்கிற கிறிஸ்தவ சமூகத்து மக்களோட பழைய பார்ன் (பண்ணைக் கொட்டகை) எல்லாம் இப்படிக் கட்டினதுதான், ஊரே கூடி நின்னு சட்டத்தைத் தூக்கி நிறுத்துவாங்க.

இங்கிலாந்துல, லண்டன்ல இருக்கிற மச்சான்கிட்ட ஐடியா கேட்டா ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, அங்க டிம்பர் பிரேம்னா நம்ம ஸ்டிக் பிரேம் மாதிரி பேனல் வீட்டைத்தான் சொல்லுவாங்க. பெரிய தூண் வச்சதை ஓக் பிரேம்ம்பாங்க. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி வேற வேற வீட்டுக்கு விலை பேசிட்டு இருப்பீங்க.

மூணாவதா ஒரு வழி இருக்கு, என் கணக்குல நம்மள மாதிரி நடுத்தரக் குடும்பத்துக்கு இதுதான் சரி. வீடு முழுக்க ஸ்டிக் பிரேம், ஹாலும் சமையலும் சேர்ந்த ஒரே ஒரு பெரிய ரூம் மட்டும் டிம்பர் பிரேம். யாரும் பெட்ரூம்ல படுத்துட்டு உத்தரத்தைப் பாத்து ரசிக்கப் போறதில்ல. கண்ணு போற இடத்துல மட்டும் காசைப் போடுங்க.

தீ பத்தி கேப்பீங்கன்னு தெரியும். தடி மரம் எரியும்போது வெளிய கரி பிடிச்சிடும், அந்தக் கரியே உள்ள இருக்கிறதுக்கு ஒரு போர்வை மாதிரி, நிமிஷத்துக்கு 0.65 மில்லிமீட்டர் வாக்குலதான் உள்ள போகும், அதனால அரை மணி நேரம் எரிஞ்சாலும் எட்டு இஞ்ச் தூண்ல பெரும்பகுதி மிஞ்சி நிக்கும். மெல்லிசு கட்டைக்கு அந்த வசதி கிடையாது, அதுக்கு உள்பக்கம் அடிக்கிற ஜிப்சம் பலகை, டிரைவால்தான் கவசம். கரையான் டொராண்டோல சில ஏரியால நிஜமாவே உண்டு, பழைய வீடு வாங்கி அடிஷன் போடுறவங்க இன்ஸ்பெக்டரை வச்சுப் பாத்துக்கோங்க. கார்பெண்டர் ஆன்ட்னு ஒரு கருப்பு எறும்பும் உண்டு, அது நனைஞ்சு ஊறின மரத்தைத்தான் தேடி வரும். பாத்தீங்களா, மறுபடியும் தண்ணி.

படி 2: நிலமும் ஜோனிங்கும் பாக்காம படம் வரையாதீங்க

ராத்திரி பதினொரு மணிக்கு உக்காந்து ஆன்லைன்ல பிளான் புக் பாக்கிறது ஜாலியாதான் இருக்கும், நாங்களும் ஆறு மாசம் அதைத்தான் பண்ணோம். அப்புறம் பாத்தா எங்க லாட்ல பின்பக்கம் எவ்வளவு இடம் விடணும், மொத்த நிலத்துல எத்தனை சதவீதம் கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம்னு எல்லாத்துக்கும் ரூல். நாங்க ஆசைப்பட்ட கூரை உயரம் லிமிட்டைத் தாண்டுது. டிம்பர் பிரேமுக்கு கதீட்ரல் சீலிங், அதாவது கூரைச் சரிவு வரைக்கும் திறந்து விட்ட உயரம்தான் அழகே, அதுக்கு உயரம் வேணும், அதனால முதல் வேலையா உங்க சிட்டியோட ஜோனிங் பைலா (எந்த நிலத்துல என்ன, எவ்வளவு கட்டலாம்ங்கிற விதி) எடுத்து உயரத்தைப் பாருங்க.

ரூலுக்குக் கொஞ்சம் வெளிய போகுதுன்னா சிட்டியோட கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட்ல மைனர் வேரியன்ஸ், அதாவது சின்ன விலக்கு, கேக்கலாம். அதுக்கு ஃபீஸ், ஒரு ஹியரிங், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நோட்டீஸ். நோட்டீஸ் போறதுக்கு முன்னாடியே நீங்களே போய் ரெண்டு வடையோட விஷயத்தைச் சொல்லிடுங்க, லெட்டர்ல தெரிஞ்சா மனுஷனுக்குக் கோவம் வரும். டொராண்டோக்குள்ளன்னா உங்க சொந்த நிலத்துல நிக்கிற மரமா இருந்தாலும் அடிமரம் 30 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல இருந்தா பெர்மிட் இல்லாம வெட்ட முடியாது, அதோட வேரை நசுக்குற மாதிரி பக்கத்துல தோண்டவும் முடியாது.

ஊருக்கு வெளிய, ஆரஞ்ச்வில் பீட்டர்பரோ பக்கம் ஏக்கர் கணக்குல நிலம் பாக்கிறவங்க நிலத்தோட விலையை மட்டும் பாத்து மயங்கிடாதீங்க. கிணறு தோண்டணும், செப்டிக் போடணும், ரோட்டுல இருந்து கரண்ட் இழுக்கணும், டிரைவ்வே போடணும். ஆறோ சதுப்பு நிலமோ பக்கத்துல இருந்தா ஆறு, வெள்ளப் பகுதியைக் கண்காணிக்கிற கன்சர்வேஷன் அத்தாரிட்டி வேற, அவங்க அனுமதி இல்லாம ஒண்ணும் நடக்காது. ஆஃபர் போடும்போதே இதையெல்லாம் விசாரிக்க டைம் கேட்டு கண்டிஷன் போடச் சொல்லுங்க. அடிஷன் போடுறவங்களும் செப்டிக் இருக்கிற வீடுன்னா கவனிங்க, ஒரு பெட்ரூம் கூடினாலே இப்ப இருக்கிற செப்டிக் தாங்குமான்னு கேப்பாங்க.

மழை பெய்யும்போது ஒரு தடவை, மார்ச் ஏப்ரல்ல பனி உருகும்போது ஒரு தடவை நிலத்தைப் போய் பாருங்க. ஆகஸ்ட் மாசம் வெயில்ல எல்லா நிலமும் நல்லாத்தான் இருக்கும்.

படி 3: கோட்டேஷனைப் படிக்கக் கத்துக்கோங்க (நான் அடி வாங்கின இடம்)

ஒரு டிம்பர் பிரேம் கம்பெனிகிட்ட விலை கேட்டோம், வந்த நம்பரைப் பாத்துட்டு ராத்திரி பாயசமே வச்சோம், அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் புரிஞ்சுது, அது வெறும் மரச் சட்டத்துக்கு மட்டும் விலை. அஸ்திவாரம் இல்ல, சுவர் இல்ல, கூரை ஓடு இல்ல, ஜன்னல், கரண்ட், பிளம்பிங், ஹீட்டிங், பெயின்ட் எதுவும் இல்ல, கிரேன் வாடகை கூட தனி. சட்டம் எவ்வளவு அழகா இருந்தாலும் மொத்தச் செலவுல அது ஒரு பங்குதான். அதனால எந்த கோட்டேஷன் வந்தாலும் இந்தக் கேள்வியை எழுத்துல கேளுங்க: டிசைன் உள்ளயா, ஒன்டாரியோ இன்ஜினியர் முத்திரை உள்ளயா, டெலிவரி உள்ளயா, நிறுத்திக் குடுக்கிறது உள்ளயா, கிரேன் யாரோடது, சுவர் பேனல் உள்ளயா, 13 சதவீதம் எச்எஸ்டி (விற்பனை வரி) சேர்த்தா சேர்க்காமலா.

அடுத்தது பேங்க். கன்ஸ்ட்ரக்ஷன் மோர்ட்கேஜ்ல மொத்தமா பணம் தரமாட்டாங்க, அஸ்திவாரம் முடிஞ்சா கொஞ்சம், கூரை மூடினா கொஞ்சம், டிரைவால் முடிஞ்சா கொஞ்சம்னு வேலை முடிய முடியத்தான் தருவாங்க. ஆனா டிம்பர் பிரேம் பண்றவங்க மரம் வாங்க, அறுக்கன்னு பெரிய தொகையை அட்வான்ஸா கேப்பாங்க, அப்ப உங்க நிலத்துல ஒரு குச்சி கூட நட்டிருக்க மாட்டீங்க, பேங்க் ஆள் வந்து பாத்தா வெறும் புல்லுதான் இருக்கும். இந்த இடைவெளிக்கு கையில காசு வேணும், இல்ல லைன் ஆஃப் கிரெடிட் (வேணும்போது எடுத்துக்கிற பேங்க் கடன்) வேணும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே பேங்க் அட்டவணையையும் கம்பெனி அட்டவணையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, எந்த மாசம் மூச்சு முட்டும்னு அதுலயே தெரிஞ்சிடும்.

மர விலை நிலையா இருக்காது. 2021 மே மாசம் கட்டை விலை ஆயிரம் போர்டு ஃபுட்டுக்கு (மரம் அளக்கிற கணக்கு அது) 1600 அமெரிக்க டாலரைத் தாண்டிப் போச்சு, அப்ப ஒப்பந்தத்துல "விலை மாறலாம்"னு ஒரு வரி இருந்தவங்க எல்லாம் முழி பிதுங்கிப் போனாங்க. விலை எத்தனை நாளைக்கு செல்லும், ஏறினா யார் தலையிலன்னு அந்த வரியைத் தேடிப் படிங்க.

கான்ட்ராக்டருக்குப் பணம் குடுக்கும்போது ஒவ்வொரு பில்லுலயும் 10 சதவீதம் பிடிச்சு வைக்கணும், ஹோல்ட்பேக்ம்பாங்க, கன்ஸ்ட்ரக்ஷன் சட்டத்துலயே இருக்கு. உங்க கான்ட்ராக்டர் அவரோட சப்-கான்ட்ராக்டருக்குக் காசு குடுக்காம விட்டா அந்த ஆள் உங்க வீட்டு மேல லீன், அதாவது பாக்கிக்கு சட்டப்படி உரிமை, போட முடியும், அதுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. எப்ப விடுவிக்கலாம்னு உங்க வக்கீல்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க. "நம்ம ஊர் பையன்தானே, எதுக்கு பிடிச்சுக்கிட்டு"ன்னு கூச்சப்படாதீங்க. நம்ம ஊர் பையனா இருந்தா அவனுக்கும் இந்த ரூல் தெரிஞ்சிருக்கும்.

கேஷா குடுத்தா எச்எஸ்டி வேணாம்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவார். பில் இல்லன்னா நாளைக்கு ஒழுகினா கேக்க முடியாது, புது வீடா கட்டினா சொந்தமா கட்டினவங்களுக்கு எச்எஸ்டில ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிற ரிபேட் இருக்கு, அதுக்கும் பில்தான் ஆதாரம். மிச்சம்னு நினைச்சது நஷ்டமா முடியும்.

படி 4: ஆளுங்களைத் தேடுறது

புது வீடு முழுசா ஒரு பில்டர்கிட்ட குடுக்கிறீங்கன்னா அவருக்கு எச்சிஆர்ஏ (ஒன்டாரியோல பில்டருங்களுக்கு லைசன்ஸ் தர்ற அமைப்பு) லைசன்ஸ் இருக்கான்னு அவங்க டைரக்டரில பேரைப் போட்டுப் பாருங்க, அப்படிக் கட்டினா டாரியன்ங்கிற அமைப்போட புது வீட்டு வாரன்டி வரும், பெரிய ஸ்ட்ரக்சர் கோளாறுக்கு ஏழு வருஷம் வரைக்கும். நீங்களே மேஸ்திரியா நின்னு தனித்தனி ஆள் வச்சுக் கட்டினா அந்த வாரன்டி கிடையாது. அடிஷனுக்கும் கிடையாது. இது தெரியாம நிறைய பேர் இருக்காங்க.

யாரை எடுத்தாலும் லயபிலிட்டி இன்சூரன்ஸ் பேப்பர், டபிள்யூஎஸ்ஐபி (வேலையில அடிபட்டவங்களுக்கு ஈடு தர்ற அமைப்பு) கிளியரன்ஸ் ரெண்டையும் வாங்கிப் பாருங்க. அவர் கட்டி அஞ்சு வருஷம் ஆன வீடு ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க, போன மாசம் முடிஞ்சது வேண்டாம், புது வீடு எல்லாமே பளபளன்னுதான் இருக்கும். அஞ்சு குளிர் காலம் தாண்டின வீட்டுல ஜன்னல் ஓரம், கூரை மடிப்பு, தூணோட அடி இந்த மூணையும் பாருங்க.

இப்ப இருக்கிற வீட்டு இன்சூரன்ஸ்காரங்களுக்கும் ஒரு போன் போட்டு சொல்லிடுங்க, கட்டுமானம் நடக்கும்போது பழைய பாலிசி செல்லாம போகலாம்.

படி 5: டிராயிங், எதை இப்பவே முடிவு பண்ணணும்

ஸ்டிக் பிரேம் வீட்டுக்கு பில்டிங் கோட்லயே டேபிள் இருக்கு, இத்தனை அடி நீளத்துக்கு இந்த சைஸ் கட்டைன்னு. டிம்பர் பிரேமுக்கு அப்படி ரெடிமேட் கணக்கு கிடையாது, ஒன்டாரியோ லைசன்ஸ் உள்ள இன்ஜினியர் கணக்குப் போட்டு முத்திரை குத்தணும். பனிச் சுமை ஊருக்கு ஊர் மாறும், டொராண்டோக்கு போட்ட கணக்கு வடக்க இருக்கிற மஸ்கோக்காக்கு பத்தாது. வேற மாகாணத்துல இருந்தோ அமெரிக்கால இருந்தோ ரெடியா அறுத்து வர்ற மரச் சட்டத்தை, கிட்டா, வாங்கினா இதை முதல்ல கேளுங்க. பழைய பார்ன் மரம் வாங்கி வைக்கலாம்னு ஆசைப்படுறவங்களும்தான், மரத்துல கிரேட் (தர) முத்திரை இருக்காது, அதைப் பாத்து ஓகே சொல்ற ஆள் வேணும், உள்ள பூச்சி இல்லாம சூளையில காய வச்சதான்னும் பாக்கணும்.

அடிஷன்ல ஒரு விஷயம் எங்க இன்ஜினியர் சொல்லித்தான் எனக்கே தெரியும். பழைய வீட்டுக் கூரையை விட புதுசு உயரமா வந்தா, காத்துல பறக்கிற பனி புது சுவர்ல முட்டி பழைய கூரை மேல குவியும். அதாவது நீங்க தொடவே தொடாத பழைய கூரைக்கு சுமை கூடுது. அதை பலப்படுத்தணுமான்னு கணக்குப் பாக்காம விட்டா அஞ்சாவது வருஷம் ஒரு பெரிய பனிப்புயல்ல தெரியும்.

கரண்ட் வயர் எங்க ஓடும்னு மரம் அறுக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். சாதாரண வீட்டுல சுவரை மூடுறதுக்கு முந்தின நாள் கூட ஒரு பிளக் பாயின்ட் சேத்துக்கலாம், இங்க தூணும் உத்தரமும் வெளிய தெரியுது, சுவர் பேனல் உள்ள ஃபோம் அடைச்சு வருது, நினைச்ச இடத்துல குடைய முடியாது. நாங்க ஹால் நடுவுல ஊஞ்சல் போடணும்னு கடைசி நேரத்துல சொன்னோம், நல்ல வேளை மரம் அறுக்கல, இன்ஜினியர் அந்த உத்தரத்தை மட்டும் ஒரு சைஸ் பெருசாக்கினார். ஊஞ்சல் வேணும்னா முதல் நாளே சொல்லிடுங்க.

சமையல். ஓபன் கிச்சன், மேல கதீட்ரல் சீலிங், நடுவுல மீன் பொரிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, எண்ணெய்ப் புகை எல்லாம் நேரா மேல போய் உத்தரத்துல உக்காரும், அங்க ஏறித் துடைக்க ஏணி வேணும். வெளிய தள்ளுற ஹூட் கண்டிப்பா வேணும், காத்தை உள்ளயே சுத்தி விடுற டைப் வேண்டாம். பெரிய ஹூட் போட்டா வெளிய போற காத்துக்கு ஈடா உள்ள காத்து வர வழியும் வேணும், புது வீடு அவ்வளவு இறுக்கமா இருக்கும். கராஜ்ல ஒரு அடுப்பு வச்சுக்கிற நம்ம ஆளுங்க வழக்கத்தைக் கேலி பண்ணாதீங்க, மரத்துக்கு நல்லதுதான் அது.

படி 6: பெர்மிட்

டிராயிங் ரெடியானதும் சிட்டில பில்டிங் பெர்மிட்டுக்குப் போடணும். எல்லா பேப்பரும் சரியா இருந்தா வீட்டுக்கு 10 வேலை நாள்ல பதில் சொல்லணும்னு விதி இருக்கு, ஆனா "சரியா இருந்தா"ங்கிற வார்த்தைலதான் எல்லாம் இருக்கு, ஒரு ஷீட் குறைஞ்சாலும் திரும்பி வரும். கரண்ட் வேலைக்கு சிட்டி இல்ல, மின் பாதுகாப்பைப் பாக்கிற இஎஸ்ஏ அமைப்பு தனி. தோண்டுறதுக்கு முன்னாடி ஒன்டாரியோ ஒன் கால்ல சொன்னா கேஸ், கரண்ட் லைன் எங்க போகுதுன்னு இலவசமா வந்து குறி போட்டுட்டுப் போவாங்க, இதை விட்டுட்டு தோண்டினவன் கதை கேட்டா தூக்கம் வராது.

பெர்மிட் இல்லாம முடிச்சிடலாம்னு சொல்றவன்கிட்ட பேச்சை நிறுத்திடுங்க.

படி 7: அஸ்திவாரம்

தெற்கு ஒன்டாரியோல குளிர்ல மண்ணு உறைஞ்சு மேல எழும்பும், அதனால அஸ்திவாரம் 4 அடி, 1.2 மீட்டர், கீழ போகணும். அடிஷன்னா பழைய அஸ்திவாரம் இத்தனை வருஷம் உக்காந்து முடிஞ்சிருக்கும், புதுசு இனிமேதான் உக்காரும், ரெண்டையும் எப்படி சேக்கிறாங்கன்னு டிராயிங்ல பாருங்க.

டிம்பர் பிரேம்ல சுமை தூண் வழியா புள்ளி புள்ளியா இறங்குது, ஒவ்வொரு தூணுக்குக் கீழயும் தனியா தடிமனா கான்கிரீட் வேணும், இது இஞ்ச் சுத்தமா இருக்கணும், ஏன்னா மேல வர்ற சட்டம் மிஷின்ல அறுத்து வர்றது, கான்கிரீட் முக்கால் இஞ்ச் தள்ளிப் போயிருந்தா மரம் வளைஞ்சு குடுக்காது. கான்கிரீட் காய்ஞ்சதும் பிரேம் கம்பெனி ஆளையே வந்து அளக்கச் சொல்லுங்க.

கான்கிரீட் மேல நேரா மரத்தை வைக்கக் கூடாது, கான்கிரீட் ஸ்பாஞ்சு மாதிரி ஈரத்தை இழுக்கும், நடுவுல ஒரு தடுப்பு வேணும். சுவர்ல வெளிய அடிக்கிற மரப் பலகைக்கும் மண்ணுக்கும் குறைஞ்சது 200 மில்லிமீட்டர், எட்டு இஞ்ச், இடைவெளி விடணும். வீடு முடிஞ்சு நாலு வருஷம் கழிச்சு பூச்செடி வைக்கிறேன்னு மண்ணை அணைச்சு அணைச்சு அந்த எட்டு இஞ்சை நாமளே மூடிடுவோம், எங்க வீட்டம்மா கறிவேப்பிலைத் தொட்டியை இப்பவும் சுவர் ஓரமாத்தான் வைக்கிறாங்க, நான் நகத்துறேன், மறுநாள் திரும்ப வந்துடுது.

படி 8: மரம் வந்து நிக்கிற நாள்

தேதி குறிக்கும்போது பஞ்சாங்கம் பாருங்க, கூடவே ரோடு அட்டவணையும் பாருங்க. மார்ச் ஏப்ரல்ல பனி உருகி ரோடு இளகியிருக்கும், கிராமத்து ரோடுகள்ல லாரிக்கு பாதிச் சுமைதான் அனுமதி. கிரேனும் கான்கிரீட் லாரியும் வர முடியாம முகூர்த்தம் வீணாகும்.

மரம் லாரில வந்து இறங்கினதும் மண்ணுல போடாதீங்க, கீழ கட்டை குடுத்து தூக்கி வைங்க, மேல மட்டும் மூடுங்க, பக்கம் திறந்திருக்கட்டும். எங்களுக்கு வந்தப்ப பிளாஸ்டிக்கோட முழுசா சுத்தியே வந்துச்சு, நான் பத்திரமா இருக்கட்டும்னு அப்படியே விட்டேன், ரெண்டு வாரம் மழை, வெயில், மழை. பிரிச்சா உள்ள வேர்த்து வேர்த்து உத்தரம் பூரா நீலமும் கருப்புமா பூஞ்சைக் கறை. ஸ்ட்ரென்த்துக்கு ஒண்ணும் இல்லன்னாங்க, ஆனா சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்க்க மூணு சனிக்கிழமை போச்சு, உயரத்துல ஒரு இடத்துல இன்னும் இருக்கு, வர்றவங்க அதை மர டிசைன்னு நினைச்சுப் பாராட்டுறாங்க.

நிறுத்துறது மட்டும் கண் கொள்ளாக் காட்சி. கீழயே படுக்க வச்சு ரெண்டு தூண், உத்தரம், கைமரம் எல்லாம் சேத்து ஒரு முழுச் சட்டமா பூட்டிடுவாங்க, கிரேன் அப்படியே தூக்கி நிறுத்தும், அடுத்த சட்டம், நடுவுல இணைப்புக் கட்டை, மரச் சுத்தியலால ஓக் ஆணி. எங்க சின்ன அடிஷன் ஒரே நாள்ல நின்னுடுச்சு. அன்னைக்கு லீவு போட்டுட்டு நாற்காலி போட்டு உக்காந்து பாருங்க, இந்த மொத்த புராஜெக்ட்ல சந்தோஷமா இருக்கிற நாள் இது ஒண்ணுதான்.

படி 9: மூடுறது, இங்கதான் வீடு பிழைக்கிறதும் கெடுறதும்

சட்டத்துக்கு வெளிய சுத்திப் பெரும்பாலும் சிப் பேனல் போடுவாங்க, ரெண்டு ஓஎஸ்பி ஷீட்டுக்கு நடுவுல ஃபோம். குளிருக்கு அருமை. ஆனா பேனலுக்கும் பேனலுக்கும் நடுவுல இருக்கிற ஜாயின்ட்தான் உயிர்நிலை. வீட்டுக்குள்ள இருக்கிற சூடான ஈரக் காத்து அந்த இடுக்குல ஏறி வெளிப்பக்கம் குளிர்ந்த ஷீட்டுல பட்டுத் தண்ணியாகும், வெளிய மழையே இல்லாம கூரை உள்ளிருந்து ஊறும். அலாஸ்கால ஜூனோ ஊர்ல இப்படித்தான் நிறைய கூரைங்க ஜாயின்ட் ஜாயின்டா அழுகிப்போச்சு. அதனால உள்பக்கம் ஜாயின்டுக்கு டேப், ஃபோம் எல்லாம் போட்டாங்களான்னு நீங்களே ஏணி போட்டுப் பாருங்க, மூடினப்புறம் கடவுளுக்குத்தான் தெரியும்.

ஸ்டிக் பிரேம் சுவர்னா அந்த வேலையை இன்சுலேஷனுக்கு உள்பக்கம் போடுற 6 மில் (இஞ்சுல ஆயிரத்துல ஆறு பங்கு) பிளாஸ்டிக் ஷீட் செய்யும். நம்ம மூளை "வெளிய இருந்துதானே ஈரம் வரும்"னு நினைக்கும், குளிர் நாட்டுல குளிர்காலம் பூரா உள்ள இருந்துதான் வெளிய போகும். கூரை ஓரத்துல பனி உருகி மறுபடி உறைஞ்சு கட்டியா நின்னு தண்ணியைப் பின்னாடி ஓட்டுக்கு அடியில தள்ளும், ஐஸ் டாம்ம்பாங்க, அதுக்கு ஓரத்துல ஒட்டுற மெம்பிரேன் (தண்ணி புகாத ஷீட்) வேணும். பழைய கூரையும் புதுக் கூரையும் சேர்ற மடிப்புலதான் அடிஷன்ல முதல் ஒழுகல் வரும், அங்க தகரம் எப்படி மடிச்சாங்கன்னு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

சொல்லப்போனா எல்லாத்தையும் மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, பக்கத்துல டேப்பை விரிச்சு வச்சு. சிட்டி இன்ஸ்பெக்டர் அஸ்திவாரம், பிரேமிங், பிளம்பிங், இன்சுலேஷன்னு படிப்படியா வருவார், அவர் பாக்காம எதையும் மூடினா பிரிக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு, சொல்லவும் செய்வார்.

படி 10: குடி போனப்புறம்

பால் காய்ச்சலாம், ஹோமம் வளர்க்கிறதுன்னா முன்னாடியே யோசிங்க, புது வீட்டுல ஸ்மோக் அலாரம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கும், ஒண்ணு கத்தினா மொத்தமும் கத்தும், எங்க ஐயர் சுவாஹா சொன்னது யாருக்கும் கேக்கல.

பச்சை மரமா இருந்தா, பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், முதல் ரெண்டு மூணு வருஷம் காய்ஞ்சு சுருங்கும். எட்டு இஞ்ச் மரம் குறுக்க கால் இஞ்சுக்கு மேலயே சுருங்கும், நீளத்துல சுருங்கவே சுருங்காதுன்னு சொல்லலாம். அதனால தூணோட நீளவாக்குல வெடிப்பு வரும், ஜாயின்ட் கிட்ட லேசா இடைவெளி தெரியும், டிரைவால் மரத்தைத் தொடுற ஓரம் பிரியும். பெரும்பாலும் இது கோளாறு இல்ல, மரத்தோட குணம், ஆனா மர ஆணி இருக்கிற இடத்தைக் குறுக்க வெட்டிக்கிட்டு வெடிப்பு போச்சுன்னா இன்ஜினியருக்கு போட்டோ அனுப்புங்க. குளிர்காலத்துல ஹீட்டரை ஏத்தி வீட்டை ஒரே மாசத்துல காய வைக்காதீங்க, முதல் வருஷம் மெதுவா காயட்டும், ஹியூமிடிட்டி 30ல இருந்து 40 சதவீதம் வாக்குல வச்சுக்கோங்க, அதுக்கு மேல போனா ஜன்னல் கண்ணாடில தண்ணி கோத்துக்கும்.

ஹார்டுவேர் கடையில ஈரம் பாக்கிற ஒரு சின்ன மீட்டர் கிடைக்கும், ரெண்டு முள்ளு மரத்துல குத்தினா நம்பர் காட்டும். ஒண்ணு வாங்கிக்கோங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை தூணோட அடி, கூரை மடிப்புக்குக் கீழ, குளியலறைச் சுவர்னு ஒரே இடங்கள்ல குத்திப் பாத்து நோட்டுல எழுதுங்க. மரம் காய்ஞ்சப்புறம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா நிம்மதி. ஒரே இடத்துல மட்டும் ஏறிக்கிட்டே போனா எங்கயோ தண்ணி வருது, தேடுங்க.

இன்னொண்ணு, முதல் ஜனவரில மைனஸ் இருபது அடிக்கிற ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால்ல துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம் கேக்கும். வீட்டுல எல்லாரும் எழுந்துடுவாங்க. மரம் காய்ஞ்சு வெடிப்பு விடுற சத்தம்தான் அது, லைட்டைப் போட்டுப் பாத்துட்டுப் படுங்க, அப்பா ஊருக்குப் போயிட்டா போன் போட்டுச் சொல்லுங்க, எங்க அப்பா கேட்டுட்டு "தேக்குல வச்சிருந்தா இந்தச் சத்தம் வராதுல்லா"ன்னார்.